தானாக மாறிய திரை

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை சுடும் பட்டறை ஒன்றுக்குச் செல்போன் செயலி செய்து கொடுத்திருந்தேன். சூளையை அணைக்கும்போது இருந்த சூட்டைப் பதிந்தால், கதவை எப்போது திறக்கலாம் என்று மறுநாள் அது மணி அடிக்கும். அதைப் பதிகிறவர் சூளையைக் கவனிக்கும் அக்கா. புருவத்தில்கூட வெள்ளைப் பீங்கான் மாவு படிந்திருக்கும். சூளைக் கதவை மூடுமுன் டார்ச் அடித்து, கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டு வரை இரண்டு தடவை பார்ப்பார்.

அன்று சூட்டின் அளவைப் பதிந்ததும் திரை மாறியது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“நான் ஒண்ணும் அமுக்கல சார். அதுவா போயிடிச்சி. ஆயிரத்து எரநூறு போட்டனா, ஆயிரத்து நூறு போட்டனான்னு தெரியல.”

“அப்படித்தான் எழுதியிருக்கேன்க்கா. பதிஞ்சதும் தானா அடுத்ததுக்குப் போயிடும்.”

“திரும்பிப் போயி பாக்கணுமே.”

அதற்கு நான் வழி வைத்திருக்கவில்லை. பின்னால் போக அழுத்தினால் செயலியே மூடிக்கொண்டது. பதிந்ததைத் திருத்தவும் முடியாது; சரிபார்க்க வேண்டிய என் கணினியோ ஊரில் இருந்தது, நான் திரும்ப இரண்டு நாளாகும். எண் குறைவாக விழுந்திருந்தால் மணி முன்னதாகவே அடிக்கும். சூட்டோடு திறந்தால் அத்தனை பொம்மையும் விரிசல் விட்டுவிடும்.

“சூளைக் கதவயும் மூடுனா நடுவுல தெறக்க முடியாது சார்,” என்றார். “ஆனா மூடறது நான்தான்.”

மறுநாள் மணி அடித்தது. திரையில் ‘திறக்கலாம்’ என்று பச்சையில் வந்தது. அவர் கதவில் புறங்கையை வைத்தபடி அசையாமல் நின்றார். நானும் போனைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.