அப்பா கடித்த வடை

நான் காவலுக்கு நிற்கும் அருங்காட்சியகத்தில் இப்போது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் கண்காட்சி. மெக்சிகோ அறையில் இறந்தவர் படத்தைச் சுற்றிச் செண்டுமல்லி, முன்னால் அவருக்குப் படைத்த ரொட்டி. ஜன்னலே இல்லாத அந்த அறையின் பூவாடை என்னை நீலசந்திராவிலுள்ள அம்மா வீட்டுக்குள் தள்ளியது.

அப்பா செத்த வருஷம். எனக்கு ஏழு வயது. மகாளய அமாவாசைக்குப் படையல் போட்டதும், "எல்லாரும் வெளிய வாங்க, அவர் வந்து சாப்ட்டுப் போவட்டும்" என்று அம்மா கதவைச் சாத்தினாள். அவரைப் பார்க்கும் ஆசையில் நான் கட்டிலடியில் ஒளிந்திருந்தேன். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. கற்பூரப் புகையில் கண் எரிந்தது. கத்தினால் அப்பா சாப்பிடாமல் போய்விடுவார் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் வரவில்லை. காலையிலிருந்து நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. பசி தாங்காமல் இலையிலிருந்த வடையை ஒரு கடி கடித்துவிட்டு, தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் மறுபடி ஒளிந்தேன்.

"வந்துட்டாரு! கடிச்சிருக்காரு பாருங்க!" அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அவர் போனபின் அவள் சிரித்தது அன்றுதான். எல்லோரும் இலையைச் சூழ்ந்தபோது நானும் கூட்டத்தில் கலந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் வடை முழுசாக இருந்தால் என்ன நினைப்பாள்? அன்றிலிருந்து படையல் அறையை விட்டுக் கடைசியாக வெளியே வருபவள் நான்தான்.

"நிஜமாவே வந்து சாப்பிடுவாங்களா ஆன்ட்டி?" ரொட்டியைக் காட்டி ஒரு பள்ளிச் சிறுமி கேட்டாள்.

"சாப்பிடுவாங்க கண்ணு" என்றேன்.

நாளை மகாளய அமாவாசை. லீவு சொல்லியாகிவிட்டது. நான் போகாவிட்டால் அப்பா வரமாட்டார்.