வடகரையில் நான் கேட்காத கேள்விகள்

இருபத்திரண்டு மனிதர்களின் மனத்தை நான் இட்டுக்கட்டி எழுதினேன். அவர்களில் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. ஒருவரின் வாசலையும் மிதிக்கவில்லை. அந்த எழுத்தை நம்பிய ஒரு மனிதர் இன்று உயிரோடு இல்லை.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இத்துடன் பேனாவை மூடி வைத்துவிடலாம்... ஆனால் நீங்கள் "ஏன்?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குத்தான் ஒன்பது வருடங்களாக நான் பயந்து கொண்டிருக்கிறேன்.

நான் அரச மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். அன்புவழிபுரத்தில் வசிக்கிறேன். பிறர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் இன்னொரு மொழிக்குக் கொண்டு போவதே என் தொழிலாக இருந்தது. அந்த நல்ல பெயரை நம்பித்தான் நிரோஷினி என்னைத் தேடி வந்தார்.

அவர் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர். அயலவர்களுக்கிடையே உள்ள பயமும் சந்தேகமும் வெறுப்பும் ஓர் ஊரின் பொதுவாழ்வை என்ன செய்கின்றன என்பது அவருடைய ஆய்வு. அதற்காகக் குச்சவெளிப் பக்கத்தில் ஒரு முகத்துவாரத்தின் இரு கரைகளையும் தெரிந்தெடுத்திருந்தார். தென்கரையில் கத்தோலிக்கத் தமிழ் மீனவர்கள். வடகரையில் முஸ்லிம் மீனவர்கள். ஊர்ப் பெயர்களை எழுத எனக்கு இப்போதும் துணிவில்லை. தென்கரை, வடகரை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மாரிகாலத்தில் முகத்துவாரத்து மணல் திட்டு நாளுக்கு ஓரிடமாக நகரும். தெரியாமல் அதில் ஏறும் வள்ளத்தை அலை கவிழ்த்துவிடும். ஆகவே விடியும் வேளையில் ஒருவர் நீரோட்டத்தைப் பார்த்துக் கம்பத்தில் துணி ஏற்றுவார். வெள்ளை என்றால் கடலுக்குப் போகலாம். சிவப்பு என்றால் போகக்கூடாது. ஒரு கிழமை தென்கரையின் முறை. அடுத்த கிழமை வடகரையின் முறை. இரண்டு ஊருக்கும் கம்பம் ஒன்றுதான். யுத்த காலத்திலும் அந்த முறை பிசகவில்லையாம்!

"இவ்வளவு நடந்தும் அந்தத் துணியை எப்பிடி நம்பினவை? எனக்கு அதுதான் அறியவேணும் ஐயா," என்றார் நிரோஷினி.

கேள்விப் படிவங்களையும், எந்த ஒழுங்கும் இல்லாமல் எழுந்தமானமாகத் தெரிந்தெடுத்த வீடுகளின் பட்டியலையும் தந்தார்; வீடு வீடாகப் போய்க் கேட்டுக் குறித்து வருவது என் வேலை. படிவத்தில் பெயர் இருக்கக்கூடாது, இலக்கம் மட்டுமே. யார் என்ன சொன்னார் என்பதை ஒருவரிடமும் சொல்லக்கூடாது. அது விதி. இந்த விதியை மறந்துவிடாதீர்கள். பிறகு நான் ஒளிந்துகொண்டது இதற்குப் பின்னால்தான்.

தென்கரையில் நான் நேர்மையாகவே வேலை செய்தேன். சூசைமுத்துவின் வீட்டு முற்றம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எனக்கு உட்கார ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் படிவத்தை வாசித்தேன்: "வடகரையாரை நம்புகிறீர்களா? முற்றாக, ஓரளவு, சற்றும் இல்லை."

"இதென்ன கேள்வி ஐயா! நம்பாமலோ நான் இவ்வளவு காலம் உயிரோட இருக்கிறன்?" என்று சிரித்தார். "இபுறாகீம் காக்கா வெள்ளை போட்டா நான் கண்ணை மூடிக்கொண்டு போவன். எங்கட ஆக்கள் போட்டாத்தான் ரெண்டு தரம் எட்டிப் பாப்பன்." காக்கா என்றால் முஸ்லிம்களிடையே அண்ணன்; வடகரையின் முறையில் துணி ஏற்றுபவர் அவர்.

"ஓம், ஓம். காக்கான்ர முறையெண்டா இவர் நித்திரையோடயே வள்ளம் தள்ளுவார்," என்றாள் அவர் மனைவி மரியம்மா, குசினிக்குள் இருந்து. "பெண்சாதியை நம்புறீரோ எண்டும் ஒருக்காக் கேட்டு எழுதுங்கோ ஐயா!"

"அதுக்கு இந்தத் தாளில பெட்டி இல்லையாம்," என்றார் சூசைமுத்து.

நானும் சிரித்தேன். 'முற்றாக' என்ற பெட்டிக்குள் சரி போட்டேன். அந்த அடையாளம் உண்மையானது. அதையாவது நம்புங்கள்.

அடுத்த நாள் வடகரைக்குப் போகவேண்டும்.

பஸ்ஸில் போனேன். சந்தியில் இறங்கினேன். கடலை நோக்கி ஓர் ஒழுங்கை போனது. இரு புறமும் கிடுகு வேலி. ஓர் ஆடு நின்றது. அவ்வளவுதான்! ஆனால் என் கால்கள் நகரவில்லை.

என் அண்ணன் கலவர காலத்தில் ஒருநாள் சைக்கிளில் அந்த வீதியால் போனவர். திரும்பி வரவில்லை. யார் மறித்தார்கள், எங்கே மறித்தார்கள்... இன்று வரை ஒருவருக்கும் தெரியாது. விசாரித்த இடமெல்லாம் கைவிரித்தார்கள். தெரியாத அந்த இடத்தில் நான் ஓர் ஊரை வைத்தேன். ஆதாரம் இருந்ததா? இல்லை. யாராவது சொன்னார்களா? இல்லை. வீதியோரத்தில் அந்த ஊர் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

மூன்று நாட்கள் போனேன். மூன்று நாட்களும் அந்தச் சந்தியில் நின்று, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினேன். பயமாக இருக்கிறது என்று நிரோஷினியிடம் சொல்லியிருக்கலாமே? சொல்ல வெட்கம். படித்தவன், வயதானவன், பத்துப் பேர் மதிப்பவன்... ஓர் ஒழுங்கைக்குப் பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வேன்?

நாலாம் நாள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இருபத்திரண்டு படிவங்களையும் நானே நிரப்பினேன்.

எவ்வளவு கவனமாகச் செய்தேன் தெரியுமா! ஒரு படிவத்தில் தேநீர் சிந்தினேன். ஒன்றை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கசங்கவிட்டேன். பேனாவை இரண்டு தரம் மாற்றினேன். மூன்று பேருக்கு 'முற்றாக நம்புகிறேன்' என்று குறித்தேன்; எல்லோரும் வெறுத்தால் ஆய்வாளர் சந்தேகப்படுவார் அல்லவா!

மீதிப் பேருக்கு எதை எழுதுவது? அறியாத மனிதரின் மனத்தை எங்கிருந்து எடுப்பது? என்னிடம் இருந்ததை எடுத்தேன். என் பயத்தை, என் சந்தேகத்தை, இத்தனை வருடம் ஊறிக் கிடந்த என் வெறுப்பை எடுத்து, திசையை மட்டும் திருப்பி, அவர்கள் வாயில் வைத்தேன்.

படிவத்தின் கடைசியில், மனத்தில் உள்ளதைச் சொல்லும்படி ஒரு வெற்றிடம் இருந்தது. ஒன்றில் இப்படி எழுதினேன்: "கடலில் எங்களுக்கு ஏதும் நடந்தால் தென்கரையார் கரையில் நின்று பார்ப்பார்கள். கை கொடுக்கமாட்டார்கள்."

அது யாருடைய வசனம்? அண்ணன் மறிக்கப்பட்டபோது யாரோ நின்று பார்த்திருப்பார்கள், கை கொடுக்கவில்லை என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்த வசனம் அது!

ஆய்வு முடிந்ததும் இரு கரை மக்களையும் ஒரு பாடசாலை மண்டபத்துக்கு அழைத்தார்கள். மக்களிடம் பெற்றதை மக்களுக்கே திருப்பிச் சொல்லவேண்டும் என்பது நிரோஷினியின் எண்ணம். நல்ல எண்ணம்தான். வடகரையார் பலருக்குத் தென்கரையார் மீது ஆழ்ந்த பயமும் அவநம்பிக்கையும் இருக்கின்றன என்று மெதுவாக, யாரையும் நோகடிக்காமல் விளக்கினார். பிறகு உதாரணத்துக்கு ஒரு பதிலை வாசித்தார். என் வசனத்தை!

வடகரையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு முதியவர் எழுந்தார். அவர்தான் இபுறாகீம் காக்கா என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

"எங்கட தெருவுக்கு ஒருத்தரும் வரல்லையே மகள். ஆருட்டக் கேட்டீங்க?"

இதோ... பிடிபட்டேன்!

"தெரிஞ்செடுத்த வீடுகளில மட்டும்தான் கேட்டது ஐயா. ஆர் எண்டு சொல்லேலாது. அது விதி," என்றார் நிரோஷினி. காக்கா உட்கார்ந்துவிட்டார். விதி என்னைக் காப்பாற்றியது.

ஆனால் வாசலில் சூசைமுத்து என் கையைப் பிடித்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"ஐயா, நீங்கள்தானே கேட்டு எழுதினது? மெய்யாத்தான் அப்பிடிச் சொன்னவையளே?"

கண்ணைப் பார்த்துக் கேட்டார். அவருக்கு வேண்டியிருந்தது 'இல்லை' என்ற ஒரு சொல்தான்.

"ஓம்," என்றேன்.

ஓர் எழுத்து கூடுதலாகவும் சொல்லவில்லை, குறைவாகவும் சொல்லவில்லை. ஓம்!

அடுத்த மாரிக்குள் முகத்துவாரத்தில் இரண்டு கம்பங்கள் நின்றன. தென்கரையார் தங்களுக்கென்று ஒன்றை நட்டார்கள். நம்மை இப்படி நினைப்பவர்கள் போடும் துணியை நம்பி எப்படி வள்ளம் விடுவது என்று கேட்டார்களாம். நியாயமான பயம். அதை விதைத்தவன் அன்புவழிபுரத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தான்.

மார்கழியில் ஒருநாள் விடியலில் இரண்டு கம்பத்திலும் இரண்டு நிறம். தென்கரையில் வெள்ளை, வடகரையில் சிவப்பு. திட்டு அன்றைக்கு வடக்கே ஒதுங்கியிருந்தது. தென்கரையில் நின்றவருக்கு அது தெரியவில்லை. இபுறாகீம் காக்காவுக்குத் தெரிந்தது. அவர் தன் இடுப்புச் சாரத்தைக் கழற்றித் தலைக்கு மேல் வீசி வீசிக் கத்தினாராம்...

செத்த வீட்டுக்கு நான் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்ற பயத்தில் போனேன். இதையும் மறைக்க விரும்பவில்லை. மரியம்மா என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"நான் மறிச்சனான் ஐயா. காக்கா சிவப்புப் போட்டிருக்கிறார், நில்லுங்கோ எண்டனான். 'அவையள் எங்களை ஆரெண்டு நினைக்கினம் எண்டு மண்டபத்தில கேட்டனிதானே, அந்தக் காக்காவும் அப்பிடித்தான்' எண்டு சொல்லிப்போட்டு வள்ளத்தைத் தள்ளினவர்."

வள்ளம் திட்டில் ஏறிக் கவிழ்ந்தது. முதலில் கடலில் குதித்தவர் யார் தெரியுமா? இபுறாகீம் காக்கா. கூடப்போனவனை உயிரோடு இழுத்து வந்தார். சூசைமுத்துவையும் அவர்தான் இழுத்து வந்தார், உயிர் இருக்கவில்லை. முற்றத்தின் ஓரத்தில், ஈரம் காயாத தலையோடு, உள்ளே வரலாமோ என்று தெரியாமல் அவர் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவருக்குக் கதிரை கொடுக்கவில்லை.

நானும் கொடுக்கவில்லை.

அதன்பின் என் நாட்கள் பயத்தின் நாட்கள். படலை திறக்கும் சத்தம் கேட்டால் பயம். தெரியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி வந்தால் பயம். இருபத்திரண்டு படிவங்களும் எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கின்றன. யாராவது ஒரு நாள் பட்டியலோடு போய் ஒரு வீட்டைத் தட்டி, "உங்களிடம் கேட்டார்களா?" என்று கேட்டால் போதும்...

சென்ற மாதம் அந்த நாள் வந்தது. நிரோஷினி தலைமயிர் நரைத்து வந்தார். அதே வீடுகளில் அதே கேள்விகளை மீண்டும் கேட்கப் போகிறாராம். இம்முறை கேட்பது அவருடைய ஆட்கள். வழிகாட்ட நான் வரவேண்டுமாம்! மறுத்தால் ஏன் என்பார். போனால் பிடிபடுவேன். எவனாவது வாயைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்பது நல்லது என்று நினைத்துப் போனேன்.

அந்த ஒழுங்கைக்குள் முதன்முதலாக நடந்தேன். வேலி. கோழிகள். காயப்போட்ட கருவாடு. முன்பின் தெரியாத ஒரு பெண் எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து தந்தாள். இதற்கா பயந்தேன்?

பிறகு அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கினாள். சற்றும் நம்பிக்கை இல்லை என்றாள். "கடல்ல எங்களுக்கு என்னவும் நடந்தா அந்தக் கரையார் பாத்துட்டு நிப்பாங்க. கை குடுக்கமாட்டாங்க."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். வீட்டுக்கு வீடு அதே பதில்கள். நான் எழுதியவை, இந்த ஒன்பது வருடத்தில் அவர்களுடையவையாகிவிட்டன! முன்பும் உங்களிடம் கேட்டார்களா என்று ஒரு வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.

கடைசி வீட்டிலிருந்து வெளியே வந்தபோது, பட்டியலில் இல்லாத தன் வீட்டு வாசலில் நின்ற இபுறாகீம் காக்கா என்னை ஒரு பக்கமாக அழைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சேர், அந்த நேரம் நீங்கதானே கேட்டு எழுதின. மண்டபத்துல வாசிச்ச அந்தக் கதைய எங்கட ஊர்ல ஆரு சொன்ன? ஒம்பது வருஷமா ஒவ்வொரு மொகமாப் பாக்கன்." அடுத்த வளவைக் கண்ணால் காட்டினார். "என்ட தம்பிர வீடு அது. அவன்தான் சொல்லியிருப்பான் எண்டு நான் அவனோட கதைக்கிற இல்ல. பேர் சொல்லத் தேவல்ல சேர். அவனா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

தம்பி இல்லை, ஒருவருமே இல்லை, நான்தான்... வாய்வரை வந்தது. சத்தியமாக வந்தது!

"யார் என்று சொல்ல அனுமதி இல்லை. அது விதி," என்றேன்.

பேசும் தமிழில்கூட இல்லை. அலுவலகக் கடிதத்தின் தமிழில்! அவர் மெல்லத் தலையாட்டினார். எனக்கு விளங்கியது, அவர் அதை 'ஓம், தம்பிதான்' என்று எடுத்துக்கொண்டார். அடுத்த வளவுப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் உள்ளே போனார்.

திரும்பும் வழியில் வானுக்குள் நிரோஷினி படிவங்களைப் புரட்டிக்கொண்டே வந்தார். "ஐயா, அப்ப நீங்கள் எடுத்த பதிலுகளும் இப்ப வந்திருக்கிறதும் அப்பிடியே பொருந்துது. எவ்வளவு துல்லியமா எடுத்திருக்கிறீங்கள்!" என்றார். நான் நன்றி சொன்னேன்.

இனி நான் பிடிபடமாட்டேன். இந்த ஒன்றைத்தான் ஒன்பது வருடங்கள் வேண்டிக் கிடந்தேன். கிடைத்துவிட்டது. இதைவிடப் பெரிய பயத்தை நான் அறிந்ததில்லை.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களிடம் சொல்வது எளிது. உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. நிரோஷினியிடம், மரியம்மாவிடம், அந்தக் கிழவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லித் தப்பப் பார்க்கிறேன்...

இபுறாகீம் காக்காவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. தம்பிக்கும் அதற்கு அதிகம் குறையாது. இருவருக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி. ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய், அந்தச் சந்தியில் இறங்கி, ஆடு நிற்கும் ஒழுங்கையால் நடந்து, ஒரு வசனம் சொல்லவேண்டும். சூசைமுத்துவுக்குச் சொல்லாத அதே சொல்லில் அது தொடங்கும்: 'இல்லை.'

குச்சவெளி பஸ் காலை ஏழு மணிக்குப் புறப்படும். ஒவ்வொரு நாளும் சட்டை மாற்றிக்கொண்டு தரிப்பிடத்துக்குப் போகிறேன். இன்றும் போனேன். நடத்துநர் படியில் நின்று, "ஏறுறீங்களா ஐயா?" என்று கேட்டார்.

பஸ் போய்விட்டது. நான் இங்கே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.