ஈப்போவில் பால் படாத சோறு

அப்பாவின் வாழ்க்கை முழுக்கப் பாலோடுதான் போனது. விடிவதற்கு முன்னால் மாட்டில் பால் கறப்பார். கறந்த கையோடு பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுக்க, போவார். மரத்துப்பால் கம்பெனிக்கு, மாட்டுப்பால் நமக்கு என்பார். தாப்பா டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை போட்டிருந்த சில குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் ஐந்தாம் பாரம் வரை படித்தது, பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டை, எல்லாமே அந்தக் கொட்டகையிலிருந்து வந்தவைதான். அவருடைய மகளான நான் பாலைத் தொடமாட்டேன்.

நான் இரண்டாம் பாரத்தில் இருந்தபோது எங்கள் சிவப்புப் பசுவின் கன்று செத்துப்போனது. பசு மடியை இறுக்கிக்கொண்டு ஒரு சொட்டும் விடவில்லை. அப்பா செத்த கன்றின் தோலை உரித்து உப்புத் தடவிக் காயவைத்தார். உள்ளே காய்ந்த லாலான் புல்லைத் திணித்துத் தைத்து, நாலு குச்சிகளைக் காலாக வைத்துப் பசுவின் முன்னால் நிறுத்தினார். பசு அதை முகர்ந்து பார்த்துவிட்டு நக்க ஆரம்பித்தது. நக்க நக்க மடி சுரந்தது. அப்பா குந்தி உட்கார்ந்து கறந்தார். மாடு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். நான்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, புத்தகப் பையோடு கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டேன்.

அன்று மாலை அம்மா கொடுத்த பால்தேநீரைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன். பிறகு தயிர், நெய், அப்புறம் முட்டை, மீன், கறி என்று ஒவ்வொன்றாக என்னை விட்டுப் போயின. இப்போது இதற்கு வீகன் என்று பெயர் இருக்கிறது, அண்ணன் மகள் சொல்கிறாள். அப்போது எங்கள் லயத்தில் இதற்கு இருந்த பெயர் திமிர். யாராவது என்னைக் கேட்டால் நான் வாய் திறப்பதற்குள் அப்பாவே, “பால் அதுக்கு ஒத்துக்கல” என்று சொல்லிவிடுவார். எதனால் நிறுத்தினேன் என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை. கேட்காததால் அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

எழுபதுகளின் கடைசியில் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஒரு கண் மிகவும் மோசம். தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரெஸ்ஸர் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மாடுகளை விட்டுவிட்டு அம்மாவால் வர முடியாது. அண்ணன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். தாப்பாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் லீவு எடுத்துக்கொண்டு அப்பாவோடு பஸ் ஏறினேன்.

ஆண்கள் வார்டில் நான் இரவு தங்க முடியாது. ஈப்போவிலேயே புந்தோங்கில் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை இருந்தாள், எனக்கு அத்தை. அவள் வீட்டில்தான் தங்கினேன். போன உடனே அத்தை ஒரு டம்ளர் பாலை ஆற்றிக்கொண்டு வந்தாள். ‘நாங்கள் பால்காரர் வீடு, அதனால்தான் எனக்குப் பாலே பிடிக்காது’ என்று சொல்ல வாய் வரவில்லை. விரதம் என்றேன். எந்தச் சாமிக்கு என்று கேட்டாள். முருகனுக்கு, அப்பா கண்ணுக்காக என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அத்தை கண் கலங்கிப்போனாள்.

அந்தப் பொய் என்னை நன்றாகவே பிடித்துக்கொண்டது. விரதக்காரிக்கு என்று அத்தை மறுநாள் காலையில் குளித்துவிட்டு, புதுப் பானையில் நெய் விட்டுப் பொங்கல் வைத்தாள். மத்தியானத்துக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். பால் பாயசம் வேறு. அவள் வீடு பெரிதாக வசதிப்பட்ட வீடு இல்லை. வீட்டிலேயே கச்சாங் பூத்தே கடலை வறுத்துப் பொட்டலம் போட்டு விற்கிற குடும்பம். பொங்கலை அவள் பார்க்காதபோது பின்பக்கம் கொண்டுபோய்க் கோழிகளுக்குப் போட்டேன். கோழிகள் கொத்திக் கொத்தித் தின்றதை நின்று பார்க்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கும் நேரம் மத்தியானம் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். நடுவில் எனக்குச் சோறு தேடுவதுதான் வேலை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சுத்த சைவம் என்று எழுதியிருந்தது. பருப்பில் நெய், ரசத்தில் நெய்த்தாளிப்பு, கூட்டில் தயிர். நெய் இல்லாமல் எது இருக்கிறது என்று கேட்டேன். பரிமாறுகிற அண்ணன், நெய் ஊற்றாமல் சாப்பாடு போட்டால் தன்னைக் கஞ்சன் என்பார்கள் என்று மனத்தாங்கலாகச் சொன்னார். நாட்டுக்கோட்டைச் செட்டியாராக இருந்தாலும் நெய் வேண்டாம் என்று சொல்லமாட்டார் என்றார். ஒரு முஸ்லிம் கடைக்காரர் அன்பாகப் பேசினார். பருப்புக் குழம்பு இருக்கிறதே என்றார். அதையே நான் வாங்க இருந்தபோது, மீன்குழம்பில் இருந்த அகப்பையை எடுத்து அதைக் கலக்கினார். சீனக் கடைகளில் தாவ்கே முளைப்பயறு பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் பன்றிக்கொழுப்பு இல்லாமல் சட்டி சூடாகாது. பெலாச்சான் என்கிற இறால் விழுது சேர்க்காத சம்பல் அந்த ஊரில் எங்கும் இல்லை. கடைசியில் வெறும் சோறும் வாழைப்பழமும், பால் விடாத கோப்பி ஓவும், அத்தை வீட்டு வறுத்த கடலையும்தான். என்னால் ஒருவருக்கும் தொல்லை வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். போகிற கடையில் எல்லாம் தொல்லை கொடுத்துக்கொண்டும் இருந்தேன்.

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து கண்ணைக் கட்டியிருந்தார்கள். மல்லாந்தே படுத்திருக்க வேண்டும், குனியக்கூடாது, தலையை ஆட்டக்கூடாது, இருமினால்கூட மெல்ல இரும வேண்டும் என்று நர்ஸ் மிசி என்னிடம் ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். இன்னொரு கண்ணிலும் புரை இருந்ததால் அப்பாவுக்கு ஆள் நிழலாகத்தான் தெரியும். ஆனால் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததுமே கேட்பார்.

“சாப்ட்டியாம்மா?”

“சாப்ட்டேம்பா. இங்க நல்ல சாப்பாடு கிடைக்குதுலா.”

அப்பாவைப் பார்க்க வந்திருந்த அத்தை, நான் கண்ணுக்காக விரதம் இருப்பதையும், எதைச் செய்து கொடுத்தாலும் கொஞ்சமாகக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவதையும் பெருமையாக அவரிடம் சொல்லிவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. விரதம் இல்லை என்று அவருக்குத் தெரியாதா? அவர் அத்தையிடம் அதைச் சொல்லவுமில்லை.

அடுத்த நாள் மத்தியானம் நான் போனபோது கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த வயதான சீனர், குழறலான மலாயில் ஏதோ சொல்லி வாசலைக் காட்டினார். அப்பா வெளியே போயிருக்கிறார் என்பது மட்டும் புரிந்தது. மிசிக்கள் கழிவறை, வராந்தா, அடுத்த வார்டு எல்லாம் தேடினார்கள். நான் முன்வாசலுக்கு ஓடினேன்.

வெயிலில் ஒரு பேச்சா சைக்கிள் ரிக்ஷா வந்து நின்றது. உள்ளே ஆஸ்பத்திரி உடுப்போடு அப்பா. ஒரு கண்ணில் கட்டு. மடியில் பழைய செய்தித்தாளில் சுற்றி ரப்பர் வளையம் போட்ட பொட்டலம். அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பேச்சாக்காரர்தான் அவரைக் கை கொடுத்து இறக்கினார். இறங்கும்போது அப்பா குனிந்தார்.

அப்பாவுக்கு விஷயத்தைச் சொன்னவர் பக்கத்துக் கட்டில் சீனர்தான். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், சாமிக்கு நேர்ந்துகொண்ட சீனர்கள் சாப்பிடுகிற சைவக் கடை ஒன்று இருப்பதாகவும், அங்கே பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். யாரையும் அனுப்பாமல் அப்பாவே போயிருக்கிறார். யாரிடம் என்ன சொல்லி அனுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை போலும். என் சாப்பாட்டை இன்னொருவருக்கு விளக்குவது அவ்வளவு எளிதும் இல்லை.

மிசி கோபத்தில் அவரை ஏசிக்கொண்டே கட்டிலில் படுக்கவைத்தார். அப்பா சின்னப் பிள்ளை மாதிரி பேசாமல் கேட்டுக்கொண்டார். மிசி போனதும் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“இதுல ஒன்னும் இல்லயாம். முட்டை இல்ல, பால் இல்ல, பெலாச்சான் இல்ல. நல்லா கேட்டுட்டுத்தான் வாங்கினேன். சூடா இருக்கு, சாப்டு.”

வராந்தாவில் உட்கார்ந்து பிரித்தேன். சோறு, காளான், தவ்வு எனும் சோயாக்கட்டி, பயற்றங்காய், கருப்பு சோயாவில் வதக்கிய ஏதோ ஒரு துண்டு. அந்தத் துண்டை வாத்துக்கறி மாதிரி, தோலில் புள்ளி புள்ளியாக வரும்படி செய்திருந்தார்கள். கோதுமை மாவில் செய்ததுதான். இருந்தாலும் கை நின்றுவிட்டது. தைத்து நிறுத்திய அந்தக் கன்று ஞாபகம் வந்தது. பிறகு பசி ஜெயித்தது. அந்த மாதிரி ருசியாக அதற்கு முன்னால் நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. ஒரு பருக்கை விடாமல் தின்றேன். அப்பா படுத்திருக்கிற அறைக்கு வெளியே இப்படிச் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறோமே என்று கூசியது. கூசிக்கொண்டேதான் காகிதத்தில் ஒட்டியிருந்ததையும் வழித்துத் தின்றேன்.

மறுநாள் கட்டை அவிழ்த்தபோது கண் சிவந்திருந்தது. உள்ளே இரத்தம் கசிந்திருப்பதாக டாக்டர் சொன்னார். எங்களை இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்க வைத்துவிட்டார்கள். அலைந்ததால் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியும் இருக்கலாம், சிலருக்குச் சும்மா படுத்திருந்தாலும் வரும் என்றார். அதில் எதைப் பிடித்துக்கொள்வது?

அந்த நாட்களில் நானே அந்தச் சந்துக் கடையைக் கண்டுபிடித்துப் போனேன். கடையை நடத்திய சீனப்பெண் என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். கண்ணில் கட்டோடு வந்த அங்கிள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாரென்று மலாயில் சொன்னாள். அவளுடைய எண்ணெய்ப் புட்டியைக் கையில் வாங்கி மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாராம். உட்காரச் சொல்லி டீ கொடுத்தபோது, மகள் பசியோடு இருக்கிறாள் என்று சொல்லிக் குடிக்காமலே எழுந்துவிட்டாராம். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். மறுநாளும் அங்கேதான் போய்ச் சாப்பிட்டேன். அதற்கு மறுநாளும்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்திய சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேவிட்டேன்.

“ஏம்பா போனீங்க? நான் எதயாச்சும் தின்னுக்குவேன்ல?”

அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“அந்தக் கன்னு தானா செத்துச்சும்மா. நான் ஒன்னும் பண்ணல. ஆனா நீ வாசல்ல நின்னத நான் பாத்துட்டேன். கறக்குறத நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல.”

அத்தனை வருஷமாக அவர் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு வேளையும் நான் டம்ளரை ஒதுக்கியதை எனக்கும் பாலுக்கும் நடுவில் உள்ள விஷயமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் ரொம்பத் தாமதமாக வந்த உண்மை, அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னது போலத்தான் ஒலித்தது.

வீடு வந்து சேர்ந்த மறுநாள் காலையில் அம்மாவிடம் பால்தேநீர் கேட்டு வாங்கி, அப்பா எதிரிலேயே உட்கார்ந்து குடித்தேன். அம்மா வியந்துபோய்ப் பார்த்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முழு டம்ளரையும் முடித்துவிட்டேன். கொட்டகைக்குப் பின்னால் போவதற்குள் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. அப்பா தடவித் தடவி வந்து என் முதுகைத் தேய்த்துவிட்டார்.

“எனக்காக ஒன்னும் செய்யாதம்மா,” என்றார். “அது எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.”

அந்தக் கண்ணில் பார்வை வந்தது, ஆனால் கலங்கிய தண்ணீர் வழியாகப் பார்ப்பது போலத்தான் என்பார். மரம் வெட்ட முடியாமல் புல் வெட்டும் கும்பலில் சேர்ந்தார். எண்பதுகளில் தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை போட ஆரம்பித்தபோது மாடுகளையும் விற்றுவிட்டோம். கண் தெரியாததால் விற்றதாக அப்பா வெளியில் சொன்னார். அம்மா மட்டும் ஒருமுறை, உனக்காகத்தான் விற்றார் என்றாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

பிறகு இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்ய ஈப்போவுக்குத் தேதி வந்தது. நான் லீவு கேட்டு வாங்கிப் பையையும் எடுத்து வைத்துவிட்டேன். அப்பா வேண்டாம் என்றார். மாடு இல்லையே, உங்கம்மா வரட்டும், நீ வேலையைப் பார் என்று மெதுவாகத்தான் சொன்னார். காரணம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர்கள் போயிருந்த நாட்களில் வீட்டில் எனக்குப் பிடித்ததைப் பிடித்தபடி சமைத்துக்கொண்டேன். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இறக்கிவைத்த சோறு பல வேளை அப்படியே ஆறிப்போனது.

அந்தக் கண் நன்றாக வந்தது. பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் அப்பா என் முகத்தை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தெளிவாகப் பார்க்கிறார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.