மழைக்கு முன் விதைத்த தேதி

வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் முடிந்தால்தான் நிரந்தரம். கோவில்பட்டியில் வீட்டிலிருந்தபடியே, சென்னைக் கம்பெனி ஒன்று எழுதும் மென்பொருளைச் சோதித்துக் குறை சொல்வது என் வேலை. குறை சொல்வதற்குச் சம்பளமா, இவளுக்கு ஏற்ற உத்தியோகம்தான் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தப் புரட்டாசியில் வந்தது, விவசாயிகள் தங்கள் பயிரைப் பதிவு செய்யும் செயலி. எல்லாச் சோதனையும் தேறிவிட்டது, ஒன்றைத் தவிர. விதைத்த தேதியைக் கேட்ட இடத்தில், எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில் மக்காச்சோளம் போட்ட தேதியையே கொடுத்தேன். 'இன்னும் மழை பெய்யவில்லை, இந்தத் தேதி செல்லாது' என்று தள்ளிவிட்டது. ஃபெயில் என்று குறித்து அனுப்பினேன்.

சென்னையில் செயலியை எழுதிய தம்பி உடனே திருப்பி அனுப்பினான். "அக்கா, புரோகிராம் சரிதான். மழை பெஞ்ச பிறகுதான் விதைப்பாங்கன்னு டாக்குமென்ட்லயே இருக்கு. உங்க டெஸ்ட்தான் தப்பு. போன வருஷத் தேதி ஏதாவது போட்டு பாஸ் பண்ணிருங்க."

எனக்கு வந்ததே கோபம்! ஆனால் வாய் திறக்க முடியவில்லை. முந்தின வாரம்தான் ஒரு ஃபெயிலுக்காக அவனை இரண்டு நாள் வறுத்தெடுத்துவிட்டு, கடைசியில் என் தப்பு என்று தெரிந்து அசடு வழிந்திருந்தேன். எங்கள் குழுவை நடத்தும் மேடமும் அதை மறக்கவில்லை. "நாலு மணிக்குள்ள நிரூபிங்க, இல்லைன்னா குளோஸ் பண்ணுங்க. உங்களை நிரந்தரமாக்கறப்போ இதையும் பார்ப்பாங்க" என்றார்.

தேதியை மாற்ற ஒரு நிமிடம் போதும். கையும் துறுதுறுத்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் மழைக்கு முன்பே இப்படித்தான் விதைத்திருந்தார்கள். அத்தனை பேரையும் இது வெளியே நிறுத்திவிடுமே! வெயிலில் ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன்.

"என்னட்டி, வேலைய விட்டுத் தொரத்திட்டாவளா?" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னும் இல்ல. முதல்ல மண்ணக் கிளறிக் காட்டுங்க."

வீடியோ காலில் மேடமும் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் குச்சியால் புழுதியைக் கிளறினார். உள்ளே சிவப்பு மருந்து தடவிய விதை முளைக்காமல் அப்படியே கிடந்தது.

"மழையே இல்லாம ஏன் சார் போட்டீங்க?" என்றான் தம்பி.

"பெஞ்ச பொறவு கரிசல்ல கால் வைக்க முடியாது தம்பி, அப்பிக்கிடும். அதான் முன்னாடியே போட்டுட்டுக் காத்துக் கெடக்கோம்."

"மழை வரலைன்னா?"

"வெதை போச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பிறகு மேடம் சொன்னார்: "ஃபெயில் ஃபெயிலாவே இருக்கட்டும். டாக்குமென்ட்டத் திருத்துவோம். உங்களைப் பத்தி நான் நல்லபடியா எழுதிக்கறேன்."

நான் அங்கேயே குதித்தேன்.

"ஃபெயிலானதுக்கா இந்தக் குதி குதிக்கே?" என்றார் வீட்டுக்காரர்.

மூன்றாம் நாள் திருத்திய செயலி வந்தது. அதே தேதியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டது. பாஸ் என்று குறித்ததும் தம்பியிடமிருந்து போன்.

"அக்கா, அங்க மழை பெஞ்சுதா?"

"இன்னும் இல்லப்பா."

"சரிக்கா, நாளைக்குக் கேக்கறேன்" என்றான்.