சிவா அண்ணா தேய்த்து முடித்த ரீம்

சில அட்டைகளின் மூலைகள் வாடிய வெற்றிலை மாதிரித் தொய்ந்திருந்தன. சில மட்டும் வாங்கிய அன்று போலவே விறைப்பாக... நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்ட். ஞாயிறு மத்தியானங்களில் குகன் அண்ணாவும் கூட்டாளிகளும் குசினி மேசையில் பேஸ்போல் லீக் நடத்துவார்கள். பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. ஆளுக்கொரு ரீம், அதாவது ஓர் அணிக்கான அட்டைகள், ஒரு பெட்டியில். ஒவ்வொரு அட்டையும் ஓர் உண்மையான ஆட்டக்காரர். டைஸை உருட்டி, விழுந்த எண்ணை அவருடைய அட்டையில் பார்த்தால் அடித்தாரா, அவுட்டா என்று இருக்கும்.

அம்மா படுக்கையில் விழுந்து, நான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்த நேரம். பதினாறு வயது. ஆட்கள் வந்தால் வாயே திறக்க மாட்டேன். தேத்தண்ணி கொடுத்துவிட்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

அங்கே ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது. ஓர் ஆள் போன வருடம் நிஜத்தில் எத்தனை தரம் அடிக்க வந்தாரோ, எங்கள் லீக்கிலும் அத்தனை தரம்தான். பிறகு அட்டை பெட்டிக்குள் போய்விடும். இல்லாவிட்டால், எப்போதோ சில தரம் வந்து வெளுத்துவிட்டுப் போனவனை வைத்தே எல்லோரும் வென்றுவிடுவார்களே...

சிவா அண்ணா அப்படிப்பட்டவர்களையே ஒவ்வொரு ஞாயிறும் இறக்கினார். பாதி சீசனில் அவர்களைத் தேய்த்து முடித்துவிட்டு, வேலை கிடைத்து மொன்றியலுக்குப் போய்விட்டார்.

இறக்க ஒன்பது பேர் மிஞ்சாத ரீமைக் கலைப்பதுதான் வழக்கம். லீக்கை நடத்திய ஜெயம் அண்ணை சிவா அண்ணாவின் பெட்டியைத் திறந்தார்.

அந்த மேசையில் எனக்கு ஓர் இடம் வருமென்றால் இந்த ரீமால்தான் வரும். கலைத்துவிட்டால் ஃபிரிட்ஜ் பக்கம்தான்...

“இதில இனி ஆர் கிடக்கினம்? பின்னால குந்தியிருந்து பந்து பிடிக்கிற கச்சரே இல்லை,” என்றார் ஜெயம் அண்ணை.

“கச்சர் இருக்கிறார் அண்ணை.”

என் குரல்தான்.

“எடியே, நீ கதைப்பியோ?” என்றார் குகன் அண்ணா. எல்லோரும் சிரித்தார்கள்.

விறைப்பான அட்டைகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். வருடம் முழுக்க ஆடியும் பெரிதாக அடிக்காதவர்கள். சிவா அண்ணா தொட்டே பார்க்காதவர்கள். கச்சரோடு சரியாக ஒன்பது பேர்.

“உதுகளை வைச்சு விளையாடினா தோப்பாய் பிள்ளை,” என்றார் ஜெயம் அண்ணை.

“தோக்கிறன். ஆனா இவையின்ர முறை இன்னும் கனக்கக் கிடக்கு. கடைசி மாசத்தில உங்கட ஆக்களின்ர முறை முடிஞ்சு நீங்கள்தான் ஆள் தேடுவியள்.”

ஜெயம் அண்ணை தன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். குகன் அண்ணாவும் தன் அட்டைகளைத் தட்டிப் பார்த்தார்.

இப்போதும் நான் விளையாடுகிறேன். கொம்பியூட்டரே கணக்கு வைக்கிறது. முறை முடிந்தவரின் பெயரை அமத்தவே விடாது. வசதிதான்... ஆனால் ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு திரை. ஒருவரும் “தோப்பாய் பிள்ளை” என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

அன்றைக்கு ஜெயம் அண்ணை சிவா அண்ணா உட்கார்ந்திருந்த வெறும் கதிரையைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

“இரு, பாப்பம்.”

இருந்தேன். ஒன்பது பேரையும் அடிக்கும் வரிசையில் அடுக்கினேன்; அடி குறைந்த கச்சரை எட்டாவதாகப் போட்டேன்.