டெல்பர்ட்டின் தரைக்குச் சூடு வந்த கதை

பனிக்காலம் வந்தால், பக்கத்து வீட்டு டெல்பர்ட் க்ரூகரை அவர் வீட்டிலிருந்து தள்ளித் தனியாக நிற்கும் காரேஜில்தான் பார்க்கலாம். சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்திருப்பார். மேலே யாருடைய காராவது நிற்கும். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மலைநாட்டை விட்டுக் கடல் தாண்டி அகதிகளாக வந்த மோங் ஜனங்கள் நாங்கள், இந்த வாசா ஊர் எல்லையில் குடியேறிய முதல் குளிரில், என் மருமகள் பாஹூவாவின் கார் கிளம்பாமல் நின்றது. கூப்பிடாமலே வந்து சரிசெய்தார். முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை நிலைத்தது அவரால்தான். கூலி தொடமாட்டார், இறைச்சி அடைத்து நான் பொரித்த ரோல் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்வார்.

போன வருஷம் அவர் இடுப்பு பிடித்துக்கொண்டது. குளிர்ந்த தரையில் இனிப் படுக்கவே கூடாது என்றார் டாக்டர். அரிசோனாவிலிருக்கும் மகன் வீட்டை விற்றுவிட்டு வரச் சொன்னான். "இந்தக் குளிருக்குள்ள தரை சூடாகலேன்னா வந்துடறேன்" என்று டெல்பர்ட்டும் ஒத்துக்கொண்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரேஜ் கட்டும்போதே வெந்நீர் ஓடுவதற்குத் தரைக்குள் குழாய் பதித்திருந்தார். அந்தத் தண்ணீரை எதால் சூடாக்குவது என்பதுதான் முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடக் கூடும் கூட்டாளிகளோடு வருஷக்கணக்காக இதே வாக்குவாதம். வீட்டு பாய்லரிலிருந்து குழாய் இழுக்கலாம். ஆனால் உறைபனி எட்டாத ஆழத்துக்குப் பள்ளம் தோண்ட வேண்டும். கேஸ் வைக்கலாம்; பெட்ரோல் வாடை அடிக்கிற இடத்தில் தீ எரிவது அவர் மனைவி ஆர்லினுக்கு ஆகாது. கரண்ட் என்றால் பில்லை நினைத்து இவருக்கே நடுக்கம்.

கடைசியில் விறகு என்று முடிவு கட்டினார்.

"மச்சான் தோப்புல ஓக் மரம் சும்மா விழுந்து கிடக்கு. எவனாவது கரண்டுக்குக் காசு குடுப்பானா?"

"கிடக்கும். அதுவா நடந்து வந்து அடுப்புல விழுமா?" என்றாள் ஆர்லின்.

காரேஜுக்கு வெளியே விறகு பாய்லர் வந்தது. தரை வெதுவெதுப்பானது. டெல்பர்ட் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழந்தைபோல நடந்து பார்த்தார். அதற்குள் மான் வேட்டை வாரம் வந்துவிட்டது. அந்த வாரம் எங்கள் பக்கத்து ஆண்கள் யாரும் வீட்டில் தங்குவதில்லை. ஆர்லினும் வழக்கம்போல அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு சட்டையை மாட்டிய பிறகுதான் டெல்பர்ட்டுக்கு உறைத்தது: தீயை யார் பார்ப்பது? தண்ணீர் உறையாமலிருக்க ஊற்ற வேண்டிய மருந்தையும் நாளை நாளை என்று தள்ளியிருந்தார். தீ அணைந்தால் குழாய் வெடித்துவிடும்.

"நீ போ தம்பி. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

"வேணாம் பாட்டி. கட்டை கனமா இருக்கும்."

"உன்னைக் கேக்கல, சொல்றேன். போ."

மலையில் பிறந்த நாளிலிருந்து அடுப்பு அணையாமல் காத்தவள் நான். ஆனால் அந்த அடுப்பு கட்டாந்தரையில் இருந்தது. இங்கே கட்டையோடு பனியைத் தாண்ட வேண்டும். ஒரு காலையில் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். கணுக்கால் வீங்கியது. நொண்டிக்கொண்டே போய்க் கட்டையைப் போட்டேன். பாஹூவா என்னைத் திட்டிவிட்டு டெல்பர்ட்டுக்குப் போன் செய்தாள்.

வேட்டையைப் பாதியில் விட்டு அன்றைக்கே வந்து நின்றார்.

"மான் கிடைக்கலையா?" என்றேன்.

"கால் எப்படி இருக்கு?"

"தீ அணையல."

"காலைக் கேட்டேன் பாட்டி."

பிறகு அவரே போய்க் கட்டையைப் போட்டுவிட்டு வந்தார். போகும்போது சொன்னார்: "விறகு சும்மா வருதுன்னு பாத்தேன். தூக்கிப் போட ஆள் வேணும்னு பாக்கல."

அடுத்த வாரமே விறகு பாய்லரை வாங்கின இடத்துக்கே அனுப்பிவிட்டு, காரேஜ் சுவரில் கரண்ட் பாய்லர் மாட்டினார். தரை கனமாக இருப்பதால், ராத்திரி மலிவுக் கரண்டில் சூடேற்றிவிட்டால் பகல் முழுக்கத் தாங்குமாம்.

"சுவத்துல ஒரு டப்பா! இதெல்லாம் ஒரு சூடா?" என்றேன். இன்றும் அப்படித்தான் சொல்வேன். நான் சொல்லச் சொல்ல மருமகள் இதை எழுதிக்கொண்டே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அந்த டப்பாவுக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை. ஒரு கிழவியின் காலுக்காக மானை விட்டு வந்தவருக்குச் சொல்கிறேன்.

எங்கள் வருஷப் பிறப்புக்கு அந்தக் காரேஜில்தான் பன்றி அறுத்துச் சமைத்தோம். எங்கள் ஜனம் வாசலில் செருப்பை விட்டதைப் பார்த்து, அவருடைய வேட்டைக் கூட்டாளிகளும் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு தட்டை ஏந்தி நின்றார்கள். அப்போது அரிசோனாவிலிருந்து மகன் கூப்பிட்டான். ஆர்லின் போனை எடுத்தாள்.

"உங்கப்பாவா? பாஹூவா காருக்கு அடியில படுத்துக் குறட்டை விடறார். எழுந்தா பேசச் சொல்றேன்."