புதன்கிழமைக்கு ஐந்து வார்த்தைகள்

நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்யுள் வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவரியில் குரல் நின்று, காற்று மட்டும் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அதன்பின் ஒரு மாதம் மிளகுக் கஷாயம் குடித்து என்னையே ஏமாற்றிக்கொண்டேன். தொண்டை கம்மி இரண்டு வாரம் தாண்டினால் நீங்களாவது ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

டாக்டர் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். குரல்வளைக் காசநோய் (குரல் எழும் இடத்தைக் கிருமி புண்ணாக்குவது). நுரையீரலிலும் இருந்தது. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி).

"ஆறு மாசம் ஒரு வார்த்த பேசப்படாது டீச்சரே. ரகசியம் பேசினாலும் புண்ணு கிளறும்" என்றார்.

'குரல் திரும்பி வருமா?' என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன்.

"உயிரு வரும். குரலுக்கு நான் வாக்கு தரமாட்டேன்."

எங்கள் ஊர் பாறசாலைக்கு வந்து படுத்தேன். ஊசி போட்டுப் போட்டு இடுப்பு கல்லாகிவிட்டது. காய்ச்சலில் நாளும் கிழமையும் குழம்பின. புதன்கிழமை மட்டும் குழம்பவில்லை. அன்று சாயங்காலம் திருவனந்தபுரம் ரேடியோ நிலையத்தில் ஒரு மலையாளத் தொடர் நாடகம் வரும். பக்கத்து வீட்டு வேலப்பன் அண்ணன் தன் ரேடியோவை என் ஜன்னல் பக்கமாகத் திருப்பிவைப்பார். சுபத்திரை என்றொரு பெண், அப்பாவின் சொல்லை மீறி நர்சு வேலைக்குப் போகிறாள். அவ்வளவுதான் கதை. நானும் கதை எழுதுகிறவள். அதிலுள்ள ஓட்டைகள் எல்லாம் தெரியும். தெரிந்தும் அவளுக்காக ஏங்கிக் கிடந்தேன்.

அது எல்லைப் போராட்டக் காலம். எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்கும் கூட்டங்களுக்கு நோட்டீஸ் எழுதிக்கொடுத்தது நான்தான். படுக்கையில் விழுமுன் எழுதிய கடைசி நோட்டீஸ் அச்சாகித் தாமதமாக வந்தது. 'தமிழர் வீட்டில் தமிழ் நிலையமே ஒலிக்கட்டும்.' வேலப்பன் அண்ணன் அதைத் தன் கேட்டில் ஒட்டினார். அந்தப் புதன்கிழமை ரேடியோவில் திருச்சி நிலையத்தின் நாதஸ்வரம் கேட்டது.

சுபத்திரை அன்றுதான் திரும்பிவந்து அப்பா வீட்டுப் படியேறுவதாக இருந்தது. கூப்பிட்டுச் சொல்ல வாயில்லை. என் புத்தியை நானே நொந்துகொண்டேன். அடுத்த புதனும் நாதஸ்வரம்தான்.

மூன்றாம் வாரம் வெட்கத்தை விட்டு, சிலேட்டில் எழுதி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். 'நோட்டீஸ் எழுதியது என் கை. நாடகம் கேட்பது என் காது. ரேடியோவை வையுங்கள்.'

வேலப்பன் அண்ணன் சிரித்துக்கொண்டே வேலியோரம் வந்தார். "டீச்சர் மனசு நோவப்பிடாதுன்னாக்கும் நிறுத்தினேன். எனக்கும் அவ கத தெரியாம ஒறக்கமில்ல."

மறுபடி நாடகம் கேட்டபோது சுபத்திரை வீட்டுக்குள் இருந்தாள். எப்படிச் சமாதானம் ஆனாள் என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. எல்லாரும் என் நோட்டீசுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் மறுபடி கண்ணாடி விட்டார். புண் ஆறியிருந்தது.

"ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்த பேசலாம். ஆறாவது வேண்டாம்" என்றார்.

முதல் நாள் வார்த்தைகள் வீட்டுக்காரருக்குப் போயின. குரல் கரகரவென்று வந்தது. "வந்துதே, அது போதும் பிள்ளே" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாள் புதன்கிழமை. காலையிலிருந்து வாய் திறக்காமல் சேர்த்துவைத்து, சாயங்காலம் ஜன்னலில் நின்று சொன்னேன்.

"அண்ணே, ரேடியோ சத்தம் கொஞ்சம் கூட்டுங்க."

வேலப்பன் அண்ணன் எழுந்து வாசலைப் பார்த்தார். "ஆரது? ஆம்பிளக் குரலுல்லா கேக்குது?"

என்னிடம் அன்றைக்கு வார்த்தை மிச்சமில்லை. சிலேட்டை எடுத்து 'நான்தான்' என்று எழுதி ஜன்னலில் தூக்கிக் காட்டினேன். அவர் வாசித்தார். போய்ச் சத்தத்தைக் கூட்டினார். அந்தச் சத்தத்தில் நான் அழுதது வெளியே கேட்கவில்லை.

மொழிவாரியாக ராஜ்யம் பிரித்தபோது நாங்கள் கேரளத்தில் நின்றோம். அதற்கும் அழுதேன். எனக்கு வாரம் இன்றும் புதன்கிழமைதான் தொடங்குகிறது. இந்தக் குரலும் பழகிவிட்டது. யாராவது "ஆரது?" என்று கேட்டால் மட்டும் கை சிலேட்டைத் தேடுகிறது.